வஸிய்யத் எழுதாத சமுதாயம்

மௌத்தைப் பற்றி நம்மைப்போல் இத்துணை மிகுதியாகப் பேசும் சமுதாயம் பிறிதொன்று இருப்பது அரிது. வெள்ளிதோறும் மிம்பரிலிருந்து கபுறின் நெருக்கத்தைக் கேட்கிறோம். ஜனாஸாவைத் தோளில் சுமந்து சென்று, மூன்று பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு, 'நாளை நமக்கும் இதுதான்' என்று பெருமூச்செறிந்து திரும்புகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும், அந்த நாளைக்காக ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதி வைப்போமா என்றால், மாட்டோம். இந்த முரண்பாட்டைக் குறித்துச் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறோம். எவரையும் நோகடிப்பதற்காக அன்று. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் ஏதேனும் தன்னிடம் உள்ள ஒரு முஸ்லிம், அதனை எழுதித் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்னும் கருத்துப்பட அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இமாம் புகாரீயும் இமாம் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். அதனை அறிவிப்பவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள். அதைக் கேட்ட நாள்முதல் தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓரிரவும் கழிந்ததில்லை என்றும் அவர்களே கூறியுள்ளார்கள்.

இரண்டு இரவுகள்! ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், தாம் பருவமெய்திய நாளிலிருந்து எண்ணிப் பார்ப்பாராயின், பன்னிரண்டாயிரம் இரவுகளுக்கு மேல் கழித்திருப்பார். அவற்றுள் ஓரிரவேனும் இதற்காக விளக்கேற்றி அமர்ந்ததுண்டா? மிஸ்வாக் சுன்னத்து நமக்கு நினைவிருக்கிறது. தாடி சுன்னத்து நினைவிருக்கிறது. இந்தச் சுன்னத்து மட்டும் எவ்வாறு நம் ஊர்களில் பெயரளவிலும் இல்லாமற் போயிற்று?

நாமறிந்த கடற்கரையூர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். சபராளியாகப் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய பெரியவர் ஒருவர். ஐவேளைத் தொழுகையாளி, நாணயத்தில் ஊரே நம்பியவர். அவர் மறைந்து பத்தாம் நாள், பக்கத்துத் தெரு விதவைப் பெண்மணி ஒருவர் வீட்டுக்கு வந்து, "தம்பி, உங்க வாப்பாகிட்ட எட்டுப் பவுன் அமானிதமாக் கொடுத்து வச்சிருந்தேன். மகள் கலியாணத்துக்குன்னு சேர்த்தது" என்றார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பெட்டியில் நகை இருந்தது. ஆனால் எது எவருடையது என்று ஒரு சீட்டுத் துண்டும் இல்லை. அவர்கள் கெட்டவர்களல்லர். 'வாப்பா எங்களிடம் சொல்லவில்லையே' என்றார்கள். அது உண்மைதான். அந்தப் பெண்மணி அழுதுகொண்டே திரும்பினார். அறுபதாண்டுக் காலம் அந்தப் பெரியவர் கட்டிக்காத்த நாணயம், எழுதப்படாத ஒரு வரியால் ஒரே நாளில் சந்தேகத்துக்குள்ளாயிற்று. இவ்வுலகில் அவர் பெயர் நொந்தது. மறுமையில் அவர் என்ன பதில் சொல்வார் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

'எங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது, வஸிய்யத் எழுத?' என்று கேட்கும் ஏழைச் சகோதரர்களுக்கு இதுவே நம் பதில். வஸிய்யத் என்பது மாடமாளிகை உடையோரின் பத்திரம் அன்று. கொடுக்க வேண்டிய கடன், வாங்க வேண்டிய பாக்கி, அடகில் உள்ள நகை, கட்டிவரும் சீட்டு, பிறர் நம்மிடம் வைத்த அமானிதம், மனைவிக்கு இன்னும் கொடுக்காத மஹர் ஆகிய இவற்றை எழுதிவைப்பதும் வஸிய்யத்தே. சொத்துள்ளவனுக்கு அது நல்லது, கடனுள்ளவனுக்கோ கட்டாயம். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாமே தொழுகை நடத்த அண்ணலார் முன்வராமல் நின்றதும், அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழுகை நடத்தியதும் நாம் அறிந்த செய்திதானே!

மஹர் என்னும் சொல்லை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நிக்காஹ் தஃப்தரில் எழுதிக் கையொப்பமிட்ட அத்தொகையை எத்தனை பேர் கொடுத்து முடித்திருக்கிறோம்? ஜனாஸா வாசலில் இருக்கும்போது, அழுது சோர்ந்த அந்த விதவையிடம் போய், 'மஹரை மாப்புச் செய்துவிடு' என்று கேட்டு வாங்கும் பழக்கம் சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. அந்த வேளையில் எந்தப் பெண் மறுப்பாள்? மனமொப்பாமல் வாங்கிய அதனை மன்னிப்பு என்று நம் நாக்கு எப்படிச் சொல்கிறது? அது கடன். மற்றக் கடன்களைப் போல, பங்கு பிரிக்கும் முன் தீர்க்கப்பட வேண்டிய கடன்.

இனி, கற்றவர்கள் சொல்லும் ஒரு மறுப்புக்கு வருவோம். 'திருமறையே வாரிசுகளின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. வாரிசுரிமை வசனம் இறங்கியபின் வஸிய்யத் வசனம் மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே வஸிய்யத்துக்கு இப்போது தேவையென்ன?' என்பர். இது பாதி உண்மை. பங்கு பெறும் வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது அண்ணலாரின் தெளிவான தீர்ப்பு. ஆனால் பங்கு பெறாத உறவினர்களுக்கும் அறப்பணிகளுக்கும் வஸிய்யத் செய்யும் வாயில் அடைபடவேயில்லை. பங்குகளைக் கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களையே எடுத்துப் பாருங்கள். வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பின்னரே பங்கு என்பதை அவ்விரு வசனங்களும் நான்கு முறை நினைவூட்டுகின்றன. நிறைவேற்றும் வரிசையில் கடனே முந்தியது. ஆயினும் சொல்லும் வரிசையில் வஸிய்யத் முதலில் வருகிறது. காரணம் என்னவென்று விரிவுரையாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். கடனுக்கு வாசலில் வந்து கேட்க ஆளுண்டு, வஸிய்யத்துக்குக் கேட்பாரில்லை, ஆகவே மக்கள் அதனை அலட்சியம் செய்வர் என்பதனாலேயே முதலில் வைத்து வலியுறுத்தப்பட்டது என்பது அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று. அந்த அலட்சியத்துக்கு நம் சமுதாயமே இன்று நடமாடும் சான்றாக இருக்கிறது.

இந்த அலட்சியத்தின் முதற் பலி, தந்தையை இழந்த பேரப்பிள்ளைகள்.

ஒரு பெரியவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவி முன்னரே இறந்துவிட்டார். மூத்த மகன் தந்தைக்கு முன்பே மூன்று பிள்ளைகளை விட்டு மறைகிறார். பிறகு பெரியவரும் மறைகிறார். ஷரீஅத்தின் வாரிசுரிமைப்படி, மகன் ஒருவர் உயிரோடிருக்கையில் இறந்துபோன மகனின் பிள்ளைகள் பங்கு பெறுவதில்லை. இளைய மகனுக்கு மூன்றில் இரண்டு. மகளுக்கு மூன்றில் ஒன்று. மூத்தவரின் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் திண்ணையில்கூட அவர்களுக்கு ஓர் அங்குலம் இல்லை. இளம் விதவை பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்வீட்டுக்குத் திரும்புகிறாள். இதைப் பார்த்து, 'உங்கள் மார்க்கம் அனாதைகளை இப்படியா நடத்துகிறது?' என்று பிற சமயத்தார் கேட்கும்போது நாம் தலைகுனிகிறோம்.

தலைகுனிய வேண்டியது மார்க்கத்துக்காகவன்று, நமக்காக. ஏனெனில் அதே மார்க்கம், அந்தப் பாட்டனாரின் கையில் சொத்தின் மூன்றில் ஒரு பாகத்தைக் கொடுத்து, 'இதை உன் விருப்பப்படி, வாரிசல்லாதவர்க்கு எழுது' என்று விட்டிருந்தது. பேரப்பிள்ளைகள் இங்கே வாரிசுகளல்லர். ஆகவே அவர்களுக்கு வஸிய்யத் முழுக்கச் செல்லும். அவர் சொத்து 36 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். 12 லட்சத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதியிருந்தால், எஞ்சிய 24 லட்சத்தில் மகனுக்கு 16, மகளுக்கு 8 சேர்ந்திருக்கும். எவரும் ஏழையாகியிரார். அனாதைகள் மட்டும் தெருவுக்கு வந்திரார். சட்டத்தில் அநீதி இல்லை. சட்டம் நம்மிடம் ஒப்படைத்த மூன்றிலொன்றை நாம் தொடாமலே விட்டதுதான் அநீதி.

பிற நாட்டு முஸ்லிம்கள் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. எகிப்து 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், பாட்டனார் எழுதாவிட்டாலும் மூன்றிலொன்றுக்கு மேற்படாமல் பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத் எழுதியதாகவே கொள்ள வேண்டும் என்று விதித்தது. வாரிசாகாத நெருங்கிய உறவினருக்கு வஸிய்யத் கடமையே என்று இப்னு ஹஸ்ம் போன்ற முற்காலத்து அறிஞர் கூறியது அதற்கு ஆதாரமாக எடுக்கப்பட்டது. 1953இல் சிரியாவும் அவ்வழி சென்றது. பாகிஸ்தான் 1961இல் வேறு வழியாக, இறந்த மகனின் இடத்தில் அவன் பிள்ளைகளை நேரடியாக நிறுத்தியது. அம்முறை குறித்து ஆலிம்களிடையே இன்றும் விவாதமுண்டு. நம் நாட்டில் அத்தகைய சட்டம் எதுவுமில்லை. இருக்க வேண்டுமா என்னும் விவாதத்தை ஆலிம்களுக்கு விடுவோம். சட்டம் இல்லாத இடத்தில், பாட்டனாரின் பேனாவைத் தவிர அந்த அனாதைகளுக்கு வேறு பாதுகாப்பு இல்லை என்பது மட்டும் உறுதி.

பேரப்பிள்ளைகள் மட்டுமா? வீட்டில் எடுத்து வளர்த்த பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை, வஸிய்யத் உண்டு. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சகோதரரின் பெற்றோர் முன்னைய சமயத்திலேயே இருப்பின் அவருக்கு வாரிசாகார். ஆனால் அவர் அவர்களுக்கு வஸிய்யத் எழுதலாம். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் யூதராகவே இருந்த தம் உறவினருக்கு வஸிய்யத் செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பெற்ற தாயை முதுமையில் கைவிடச் சொல்லும் மார்க்கமன்று இது.

இனி, வஸிய்யத் எழுதுவோரிடம் உள்ள குற்றத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நம்மில் சிலர் உயில் எழுதுகிறார்கள், எதற்கு? பெண்மக்களின் பங்கை இல்லாமற் செய்வதற்கு. 'மகளுக்கு நகை போட்டேன், சீர் செய்தேன், கைக்கூலியும் கொடுத்தேன். ஆகவே வீடும் கடையும் மகன்களுக்கே' என்று எழுதிப் பெட்டியில் பூட்டுகிறார்கள். அன்பர்களே, வாரிசுக்கு எழுதிய வஸிய்யத், மற்ற வாரிசுகள் உங்கள் மறைவுக்குப்பின் மனமொப்பினாலன்றிச் செல்லாது. நம் நாட்டு நீதிமன்றங்களும் நம் ஹனபி, ஷாபிஈ மக்களுக்கு இதையே தீர்ப்பாகச் சொல்லி வந்திருக்கின்றன. நீங்கள் பூட்டி வைத்தது சொத்தன்று, வழக்கு.

கைக்கூலி மார்க்கம் கேட்டதன்று. நாம் உண்டாக்கிக்கொண்ட கேடு. ஒரு கேட்டைச் செய்துவிட்டு, அதனைக் காரணமாகக் காட்டி மற்றொரு கடமையைக் கழிப்பது எந்தக் கணக்கில் சேரும்? சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்பது திருமறையின் கட்டளை. உஹதுப் போரில் வீரமரணம் எய்திய ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவர் சகோதரர் எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவி தம் இரண்டு பெண்மக்களுடன் வந்து அண்ணலாரிடம் முறையிட்டார். பங்கு வசனம் இறங்கியது. மகள்களுக்கு மூன்றில் இரண்டும், மனைவிக்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதை வைத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு ஆணையிடப்பட்டது. ஒரு விதவையின் குரலுக்கு விடையாக வந்த சட்டத்தை வைத்துக்கொண்டு, அதே விதவையின் வாயை அடைக்கிறோமே!

'நஞ்சை புஞ்சையில் பெண்ணுக்குப் பங்கில்லை' என்று இன்றும் சொல்வோர் உளர். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மை. ஆனால் சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. முக்கால் நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன சாக்கை இனியும் சுமந்து திரிய வேண்டாம். சகோதரிகளை அழைத்து விருந்து வைத்து, சிறு தொகையொன்றைக் கையில் திணித்து, விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்கும் 'சாமர்த்தியம்' உள்ளோரும் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். பதிவு அலுவலகத்தில் அது செல்லக்கூடும். மறுமையின் அலுவலகத்தில் கண்ணீரும் பதிவாகும்.

மகளுக்கோ மகனுக்கோ உயிரோடிருக்கும்போதே கொடுக்க விரும்புவோர்க்கு ஹிபா என்னும் வழி திறந்திருக்கிறது. கொடுப்பதாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், பொருளை அவர் கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தம் இடுப்பிலேயே வைத்திருப்பது ஹிபாவாகாது. மரணப் படுக்கையில் கொடுப்பதும் மூன்றிலொன்றின் எல்லைக்குட்பட்டதே. பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் கொடுத்ததற்குச் சாட்சியாக நிற்க அண்ணலார் மறுத்ததை, நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் அறிவிப்பு நமக்கு உணர்த்துகிறது.

இன்னொரு கேள்வியை இளம் தந்தையரிடம் கேட்கிறோம். நாளை நீங்கள் மறைந்தால், உங்கள் சிறு பிள்ளைகளின் சொத்துக்கு யார் பொறுப்பாளர்? 'அவர்களின் உம்மா இருக்கிறாளே' என்பீர்கள். பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்குண்டு. ஆனால் சிறார் சொத்தின் சட்டப் பொறுப்பு தாய்க்குத் தானாக வருவதில்லை. பிள்ளையின் பசிக்காக அவன் பங்கில் ஒரு சென்ட் நிலத்தை அவள் விற்றாலும் அது செல்லாது என்பது 1918இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது முதல் நிலைபெற்ற சட்டம். அவள் நீதிமன்றத்தை நாடியே ஆக வேண்டும். ஆனால் தந்தை தம் வஸிய்யத்தில் அவளையே வஸீயாக, அதாவது பொறுப்பாளராக நியமிக்கலாம். பாட்டனார் உயிரோடிருக்கும்போது இதில் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆகவே உங்கள் மத்ஹபின் ஆலிமைக் கேட்டுக்கொள்க. கேட்பதற்கு அரை மணி நேரமாகும். கேட்காவிட்டால் ஓர் இளம் விதவைக்குப் பல்லாண்டு நீதிமன்ற நடையாகும்.

வங்கியில் நாமினி போட்டுவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று இருப்போரும் உளர். வங்கி நாமினி பணத்தைப் பெறுபவரேயன்றி அதற்கு உடையவராகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. அவர் வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். அந்த நாமினியும் போடாமல், கணக்கு இருக்கும் செய்தியே குடும்பத்துக்குத் தெரியாமல் கிடக்கும் பணமோ கொஞ்சநஞ்சமன்று. பத்தாண்டுகள் எவரும் கோராத வைப்புகளை எடுத்துச் சேர்ப்பதற்கென்று ரிசர்வ் வங்கி 2014இல் ஒரு நிதியத்தை அமைத்தது. 2023 பிப்ரவரிக்குள் பொதுத்துறை வங்கிகள் மட்டும் அதில் ஒப்படைத்தது ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய். இந்நாட்டு மக்கள் அனைவரின் பணமும் அதிலுண்டு. சபராளிகள் பாலைவெயிலில் நின்று சேர்த்ததும் அதில் இல்லையென்று எவர் சொல்லக்கூடும்? இன்று கணக்குகளெல்லாம் செல்பேசிக்குள் குடியேறிவிட்டன. செல்பேசியோ பூட்டிய நிலையில் உரியவரோடு மௌனமாகிவிடுகிறது.

'வஸிய்யத் எழுதினால் மௌத்து சீக்கிரம் வந்துவிடும்' என்று வீட்டுப் பெண்கள் அஞ்சுவதாகச் சொல்வர். அஜல் ஒரு நொடி முந்தாது, ஒரு நொடி பிந்தாது என்று ஈமான் கொண்ட நாம் பேசும் பேச்சா இது? இப்னு உமர் (ரலி) அவர்கள் வஸிய்யத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டே எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார்கள்.

எழுதுவது எளிது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயில்களுக்கு விதித்த சடங்குகள் முஸ்லிமின் வஸிய்யத்துக்குப் பொருந்தா. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று, வாய்மொழியாகச் சொன்னதும் செல்லும். ஆயினும் வாய்மொழியை மெய்ப்பிப்பது அரிது; ஆகவே எழுதுங்கள். உங்கள் பெயர், வாரிசுகளின் பெயர்கள், கடன்கள், அமானிதங்கள், மஹர், வரவேண்டியவை, சொத்துகளும் அவற்றின் பத்திரங்கள் இருக்குமிடமும் என ஒவ்வொன்றாக எழுதுங்கள். விடுபட்ட ஸகாத், நிறைவேற்றாத ஹஜ் இருப்பின் அதனையும் எழுதுங்கள். ஹனபி மத்ஹபில், வஸிய்யத் செய்யாவிட்டால் அவற்றை நிறைவேற்ற வாரிசுகள் கடமைப்பட்டவரல்லர். பின் பொறுப்பாளர் யார், மூன்றிலொன்றுக்குள் எவருக்கு என்ன என்பதைக் குறியுங்கள். நோயுற்ற ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் சொத்தில் பெரும்பகுதியை அறத்துக்குக் கொடுக்க விழைந்தபோது, மூன்றிலொன்றே மிகுதி என்று அண்ணலார் நிறுத்தினார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வது புண்ணியமன்று. இறுதியில் நேர்மையான இரு சாட்சிகளிடம் கையொப்பம் பெறுங்கள். இயன்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். காலம் மாறினால் வஸிய்யத்தையும் மாற்றலாம். உயிருள்ளவரை அந்த உரிமை உங்களுடையது.

ஜமாஅத் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் தஃப்தர் வைத்திருக்கிறீர்கள். கபுறுஸ்தான் கணக்கு வைத்திருக்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் நடுவே வஸிய்யத்துக்கென்று ஓர் ஏடு வைத்தால் என்ன? ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலேனும் கதீபு இதனைப் பேசினால் என்ன? மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் பிரியாத சொத்திலிருந்து பணமெடுத்துப் பந்தி விரிக்கிறோம். அதில் சிறு பிள்ளைகளின் பங்கும் கலந்திருக்கிறது. அனாதையின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பை நிரப்புகின்றனர் என்று திருமறை எச்சரிக்கிறதே! அந்தப் பந்தியில் முதல் வரிசையில் அமர்வதற்கு முன், கடன் தீர்ந்ததா, மஹர் கொடுபட்டதா, வஸிய்யத் இருக்கிறதா என்று கேட்கும் துணிவு ஊர்த் தலைவர்களுக்கு வர வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும், 'நல்ல கட்டுரை' என்று மடித்து வைத்துவிடாதீர்கள். இன்று இஷா தொழுததும் ஒரு தாளை எடுங்கள். பிஸ்மில்லாஹ் என்று தொடங்கி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மட்டுமாவது எழுதுங்கள். மற்றவற்றை நாளை இரவு எழுதலாம். அண்ணலார் நமக்கு இரண்டு இரவுகள் தந்திருக்கிறார்கள்.